சின்னக் குற்றம்

பாரிஸில், லா சப்பல் மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போது குசினி யன்னல் அதிர்கிறது. மாலை வெயில் மீன் சட்டிக்குள் விழுந்து கிடக்கிறது. சட்டத்தரணியைப் பார்த்துவிட்டு வந்த பேர்ளி, குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே தங்கையிடம் சொல்கிறாள்: "இம்மாகுலேற், அவன் சிறையிலை இருந்துகொண்டு தீர்ப்பை உடைக்கக் கேட்டிருக்கிறானாம். உன்னைக் கெடுத்தவனோ எண்டு மட்டும் ஜூரிமாரிட்டைக் கேட்டது பிழையாம். அதைவிடச் சின்னக் குற்றமோ எண்டும் நீதிபதி கேட்டிருக்க வேணுமாம்."

"சின்னதோ?" இம்மாகுலேற்றின் கையில் மீன் வெட்டிய கத்தி அசையாமல் நிற்கிறது. "உடைச்சால், நான் திரும்பவும் எல்லாம் சொல்ல வேணுமோ அக்கா?"

"ஓம். முதல் சொன்ன மாதிரியே."

இம்மாகுலேற் சுவரைப் பார்த்தபடி, அன்று நீதிமன்றில் சொன்னதை உதடு மட்டும் அசையச் சொல்லிப் பார்க்கிறாள். கதவு திறந்தது, அவன் கை பிடித்தது. அதற்குப் பிறகு நடந்தது நினைவிருக்கிறது. அதை எந்தச் சொல்லால் சொன்னாள் என்பது மறந்துபோயிருக்கிறது.