மாவுக்கட்டு

மனைவியின் கையில் எலும்பு உடையவே இல்லை.

அவன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினான். எடுத்தான். துடைத்து மறுபடி மாட்டினான். மாவுக்கட்டின் மங்கலுக்குள்ளே மணிக்கட்டு எலும்புகள் ஒவ்வொன்றும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஒரு கீறல் கிடையாது.

எக்ஸ்ரே எடுப்பதுதான் அவன் தொழில். மயிரிழைக் கீறலும் அவன் கண்ணுக்குத் தப்பாது என்பதால் ஆஸ்பத்திரியில் அவனுக்குக் 'கழுகு' என்று பேர். உடைந்த எலும்பு எப்படிக் கூடியிருக்கிறது, பார்க்கலாமே என்று ஆசையாகத்தான் இன்று மனைவியைத் தன் மெஷின் முன்னால் உட்கார வைத்தான்.

"உடையாத கைக்குக் கட்டு போட்டிருக்காங்க" என்றான்.

அவள் தரையைப் பார்த்தபடி, வீட்டுக்குப் போயிடலாங்க என்றாள்.

அவனா போவான்? கட்டோடு அவள் வந்து நின்ற அன்று, எங்கே விழுந்தே என்று பதறி, பதிலுக்குக்கூட நிற்காமல் சமையலறைக்கு ஓடியவன். அன்றிலிருந்து அடுப்பு அவன், பாத்திரம் அவன், துணி அவன். மகளுக்குக் கோணல் வகிடெடுத்துப் பின்னல் போட்டு, பள்ளிக்கூடமே சிரித்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் 'என்ன வீட்டம்மா, இன்னிக்கு என்ன சமையல்?' என்று கேட்டார்கள். இத்தனையும் ஒரு பொய்க்கா?

கட்டு போட்ட எலும்பு டாக்டரம்மாவின் அறைக்குள், கட்டுகளும் ஊன்றுகோல்களுமாகக் காத்திருந்தவர்களைத் தாண்டி நுழைந்தான். மனைவி பின்னாலேயே வந்தாள்.

"இதுல எங்க உடைஞ்சிருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க."

டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்கயும் இல்ல. நல்லா வந்திருக்கு படம். நீங்க எடுத்ததா?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழுப்புவார், சண்டைக்கு வருவார் என்று நினைத்து வந்தவன், அதற்குத்தான் வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். எல்லாவற்றையும் கொட்டினான். இது வைத்தியமா, ஏமாற்று வேலையா, வெளியே இருக்கிறவர்களிடம் சொன்னால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டான்.

அவர் குறுக்கே பேசவில்லை. அவன் மூச்சு வாங்கும்போது சொன்னார். உடைந்திருக்கிறது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லையாம். கட்டைவிரலை அசைக்கிற தசைநார் மணிக்கட்டில் வீங்கியிருக்கிறது. துணி பிழிகிற, பிள்ளை தூக்குகிற கைகளுக்கு வருவது. கையை அசைக்காமல் வைத்திருப்பதுதான் மருந்து. முதலில் கழற்றி மாட்டுகிற பட்டைதான் கொடுத்தார். பாத்திரம் கழுவக் கழற்றியவள், அப்புறம் அதை மாட்டவே நேரமில்லாமல், வீக்கத்தோடு திரும்பி வந்தாள்.

"அவ வலிக்குதுன்னு சொன்னப்பவே நான் படம் எடுத்துப் பாத்தேன் டாக்டர். ஒண்ணுமே இல்ல."

"எலும்பைப் பாத்தீங்க. கையைத் தொட்டுப் பாத்தீங்களா?"

அவன் விடாமல், "அதுக்காக மாவுக்கட்டா?" என்றான்.

"நான் சொன்னதில்ல. பட்டை வேண்டாம், கழட்டவே முடியாத மாதிரி போட்டு விடுங்கன்னு இவங்கதான் கேட்டாங்க."

அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். இத்தனை வருஷம் கூட இருந்தவள் யாரோ மாதிரி நின்றாள்.

"நீயா?"

அவனுக்குக் காது சிவந்தது. இப்பவே வெட்டி எடுங்கள், ஒரு நிமிஷம்கூட இது இவள் கையில் இருக்கக் கூடாது என்றான்.

டாக்டரம்மா தோளைக் குலுக்கினார். எடுக்கிற நேரம் வந்துவிட்டது, வீக்கமும் வடிந்திருக்கும் என்று சொல்லி, கட்டு வெட்டும் ரம்பத்தை எடுத்து ஓட விட்டார். அது கிர்ரென்று சுழன்றது.

அவள் சட்டென்று கையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் டாக்டர். இதைப் போட்டதுக்கு அப்புறம்தான், வலிக்குதான்னு இவரு என்னைக் கேக்குறாரு."