சாட்சிக் கையெழுத்து

குணசீலனின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி குடியேறிப் பதினோரு வருடம். உடம்பு அடையாளம் கண்டு விரட்டக் கிளம்பும்போதெல்லாம் அந்த வைரஸ் உருவத்தை மாற்றிக்கொள்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று புது மருந்து தொடங்க வேண்டும். கவுன்ட்டரில் இருந்த நசீமா, சம்மதப் படிவத்தில் அவன் போட்ட கையெழுத்தைப் பழைய கோப்போடு ஒப்பிட்டாள்.

"ஒத்துப்போகலையே சார். இது நீங்கதானா?"

"நான்தாம்மா."

"அப்போ பழைய மாதிரியே போடுங்க."

பழையதைப் பார்த்துப் பார்த்து நான்கு முறை போட்டான். நான்கும் நான்கு விதமாக வந்தன.

"உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது வந்திருக்காங்களா?"

ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்தியபடி குணசீலன் சொன்னான்: "ஒருத்தர் இருக்கார். பதினோரு வருஷமா கூடவேதான் இருக்கார்."

நசீமா நிமிராமலே படிவத்தை நகர்த்தினாள். "அப்போ அவரையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."