ஓகே பீஸ்

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் முடிய இருக்கும் அத்தனை கம்பெனிகளிலும் சேர்த்து, பழுதே இல்லாத மனசு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பகலவனுடையது.

அதை அவனேதான் சொன்னான். வல்லம் வடகால் டிரெய்னி ஹாஸ்டலில், வராந்தாவில் வரிசையாக நின்ற பையன்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

உள்ளே டி.வி. அறையில் மதிவதனி மேடம் உட்கார்ந்திருந்தார். தூக்கம் வருகிறதா, குடி உண்டா, வேறு போதை உண்டா, செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்க வந்த மனநல கவுன்சிலர். சொல்வது எதுவும் கம்பெனி காதுக்குப் போகாது என்று முதலிலேயே சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

பகலவனுக்கு செக்கிங் லைனில் வேலை. கார்க் கதவின் கைப்பிடி வரும். புரட்டிப் பார்த்து, வாய்விட்டு ‘ஓகே’ சொல்லித் தள்ள வேண்டும். அந்தப் பழக்கதோஷத்தில் மேடத்துக்கும் அப்படியே பதில் சொன்னான்.

தூக்கம்? ஓகே. குடி? ஓகே.

“ஓகேன்னா குடிப்பீங்களா, மாட்டீங்களா?” என்று அவர் கேட்ட பிறகுதான், தூக்கம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று மாற்றினான்.

“எப்பத் தோணினாலும் திரும்ப வாங்க” என்று அனுப்பிவைத்தார். வராந்தாவில் அவன் வைத்துவிட்டுப் போன டீ இன்னும் ஆறியிருக்கவில்லை.

அடுத்து ஜோயல் போனான். பக்கத்துக் கட்டில்காரன். வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி இருப்பான்.

போனவன் வரவில்லை.

பகலவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். மேடம் மேஜை ஃபேனை ஜோயல் பக்கம் திருப்பி வைத்தார். போன் அடித்தது. எடுக்காமல் கவிழ்த்துப் போட்டார். ஜோயலுக்காக! பகலவன் போன் செய்தால் அவன் அம்மாவே சீரியலில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் ‘உம்’ கொட்டுவாள்.

வயிறு எரிந்தது.

லைனிலும் இதே அநியாயம்தான். ஓகே ஆன பீஸை அப்புறம் ஒருத்தரும் சீண்டுவதில்லை. ரிஜெக்ட் ஆனதைத்தான் மேஜையில் வைத்து, விளக்கைப் போட்டு, சூப்பர்வைசரும் இன்ஜினியரும் குனிந்து, ரீவொர்க் செய்து சரிப்படுத்தலாமா என்று தடவித் தடவிப் பார்ப்பார்கள்.

ஒருவழியாக ஜோயல் வெளியே வந்தான். கண் வீங்கியிருந்தது.

“இன்னாடா, பொண்ணு மாதிரி அழுதுகினு வர்ற? ரிஜெக்ட்டா?” என்றான் பகலவன்.

“ரீவொர்க்கு மச்சி. வாரா வாரம் வரச் சொல்லிக்கிறாங்க” என்று ஜோயல் சிரித்தான். அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“உக்காருல” என்று திருநெல்வேலிக்காரன் பேச்சி தன் நாற்காலியை அவனுக்கு விட்டுக்கொடுத்தான்.

வாரா வாரமா!

பகலவன் முடிவு செய்துவிட்டான். ஜோயல் எதைச் சொன்னானோ, அதைவிடப் பெரிதாக ஒரு பொய் சொல்லியாக வேண்டும். கஞ்சா என்றால் விவரம் கேட்பார்கள், மாட்டிக்கொள்வான். சட்டென்று தோன்றியது இருமல் டானிக்தான். மெடிக்கலில் விற்கிற மருந்து, அதையெல்லாம் போதை என்று யார் சொல்வார்கள்? ஆனாலும் அளவைக் கூட்டிச் சொன்னால் எடுபடும்.

வரிசை முடியும்வரை காத்திருந்து உள்ளே போனான்.

“மேடம், மொதல்ல தப்பா சொல்ட்டேன். நைட் ஷிஃப்ட் முடிஞ்சி வந்தா தூக்கமே வராது. இருமல் டானிக் குடிச்சாத்தான்...”

“எவ்வளவு குடிப்பீங்க?”

ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் என்று சொல்வதாக உத்தேசம். கேட்கிறவர் பதறிப்போக வேண்டும் என்று யோசித்து யோசித்து ஏற்றிவைத்த அளவு அது.

வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது. அந்தப் பொய், அவன் நிஜமாகக் குடிப்பதைவிடக் குறைவாக இருந்தது.

மேடம் காத்திருந்தார்.

அறையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது மேடத்தின் மூக்கு அல்ல.