போட்டு வாறன்

ஜப்பானில் படிக்கும் ஷாமிலா லீவு விட்டால் அறையில் தங்கமாட்டாள். எங்காவது கிளம்பிவிடுவாள். கிளம்புமுன் கடல் தாண்டிப் பனி விழும் மல்வேர்னில் இருக்கும் அம்மா மக்டலீனை அழைப்பாள். இந்த முறை ஒகினாவாத் தீவு.

"அம்மா, நான் போறன்."

"போறன் எண்டு சொல்லாதை பிள்ளை. போட்டு வாறன் எண்டு சொல்லு."

அதற்குள் தொடர்பு அறுந்தது. மக்டலீன் வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். வாசலில் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, போட்டு வாறன்."

"ஓம், கவனமாப் போட்டு வா," என்றாள் பழக்கத்தில். கதவு சாத்தும் சத்தத்தில்தான் கை நின்றது. ஓடிப்போய்த் திறந்தாள். வாசற்படிப் பனியில் ஒரு காலடியும் இல்லை.

போன் அடித்தது.

"லைன் கட்டாப் போச்சம்மா. சரி, போட்டு வாறன்."

மக்டலீன் திறந்து கிடந்த வாசலைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பி வா என்று இன்னொருத்திக்குச் சொல்லியாயிற்று.