மூன்று சென்டிமீட்டர் வீக்கம்

"நாப்பத்தொண்ணு! இன்னிக்கும் நாப்பத்தொண்ணு!"

சோபாவில் வலது காலை நீட்டி, முட்டியைச் சுற்றி டேப்பை இழுத்துப் பிடித்தபடி முதலாளி கத்தினார். லேஸ், ரிப்பன், எலாஸ்டிக் விற்கும் கடைக்கு முதலாளி. நான்கு மாதத்துக்கு முன் மேல்தட்டு லேஸ் சுருளை எடுக்க ஏணியில் ஏறியவர், சுருளுக்கு முன்னால் தரைக்கு வந்து சேர்ந்தார். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து கடையில் மனைவி, வீட்டில் முதலாளி.

கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நேத்து ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"முப்பத்தெட்டு. வீக்கம் வடிஞ்சிருச்சு, தாராளமா கடைக்குப் போகலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து அளந்தா நாப்பத்தொண்ணு. எனக்கு ஒண்ணுமே புரியல."

"அப்ப கடை கிடையாது."

"அவங்களே போகலாம்னு..."

"அங்க ஒரு அளவு, இங்க ஒரு அளவு. முட்டி குடியிருக்கிறது இங்கதானே? வீட்டுல முப்பத்தெட்டு வரட்டும். நானே கூட்டிட்டுப் போய்க் கல்லாவுல உக்கார வைக்கிறேன்."

அவள் பேச்சில் ஓட்டை எதுவும் அகப்படவில்லை. அதுதான் அவருக்கு எரிச்சல். சொன்ன விலையைப் பாதியாக்கி வாங்கியே பழகியவர், சொந்த முட்டியிடம் மூன்று சென்டிமீட்டர் குறைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. முட்டியும் பிடிவாதக்காரன் இல்லை, மெல்ல மெல்ல இறங்கித்தான் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் நாற்பது என்றால் வீட்டில் நாற்பத்து மூன்று. அங்கே முப்பத்தொன்பது என்றால் இங்கே நாற்பத்திரண்டு. வாசற்படியைப் பார்த்ததும் முட்டிக்கு எங்கிருந்துதான் அந்த மூன்று வருகிறதோ!

காரின் குலுக்கலாக இருக்கும் என்று முன் சீட்டுக்கு மாறினார். மாடிப்படியாக இருக்கும் என்று கீழ் அறைக்குக் குடிபெயர்ந்தார். உப்பாக இருக்கும் என்று ஒரு வாரம் சப்பென்று சாப்பிட்டார். மூன்று அசையவில்லை.

"ஏம்மா, இது கடை டிராயர்ல இருந்த டேப்புதானே?"

"நம்ம கடை டேப்புதான். தினம் இதையே கேட்டா எப்படிங்க?"

"சரி, கடை எப்படிப் போகுது?"

"நிக்க இடமில்லை. எதிர்த்தெரு தையற்காரம்மாகூட திரும்பி வந்துட்டாங்க."

"அவளா? நம்ம கடைப் படி ஏற மாட்டேன்னு நடுத்தெருவுல கத்திட்டுப் போனவளாச்சே! என்ன பண்ணினே?"

"சிரிச்சுப் பேசினேன்."

"நானுந்தான் சிரிச்சேன்."

"நீங்க சிரிச்சா பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிறாங்க."

முதலாளிக்கு இதுவும் புரியவில்லை. அவர் உட்கார்ந்திருந்தபோது ஈ ஓட்டிய கடை, அவர் விழுந்ததும் எழுந்து ஓடுகிறது! இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால், கடைக்குள் நுழையும் அவரையே "என்ன சார் வேணும்?" என்று கேட்டுவிடுவார்கள்.

பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே டேப்பைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அப்படியே கடை திறக்கப் போய்விடலாம் என்று, கழுத்தில் ஒரு டேப்போடு மனைவியும் கூடவே வந்தாள்.

"டாக்டரம்மா, உங்க அளவை நான் ஒத்துக்க மாட்டேன். உங்க டேப்புல ஒரு தடவை, என் டேப்புல ஒரு தடவை, என் கண்ணு முன்னாலயே அளங்க."

முட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் அந்த டாக்டரம்மா பொறுமைசாலி. தன் டேப்பை வைத்தாள். முப்பத்தெட்டு. அவர் டேப்பை வைத்தாள். நாற்பத்தொன்று.

"பாத்தீங்களா! அதே கட்டில், அதே முட்டி!"

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினாள். யோசித்துவிட்டு இடது முட்டியை அளந்தாள். அவள் டேப்பில் முப்பத்தாறு. அவர் டேப்பில் முப்பத்தொன்பது.

"ஐயையோ! நல்ல காலும் வீங்கிடுச்சா?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் டேப்பை வெளிச்சத்தில் பிடித்தாள். நுனியில் இருந்த பித்தளைத் தகட்டை நகத்தால் நெருடினாள்.

"சார், தகட்டை அடுத்து நேரா நாலுன்னு ஆரம்பிக்குதே. ஒண்ணு, ரெண்டு, மூணெல்லாம் எங்க?"

அவை எங்கே போயின என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கத்தரித்து, பித்தளைத் தகட்டை மறுபடி பொருத்தியது அவர் கைதான். சரக்கு வாங்க முழு டேப்பு, டிராயரில். விற்க இந்த டேப்பு, அவர் கழுத்தில்.

மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா... டிராயர்ல இருந்ததைத்தானே எடுத்துட்டு வரச் சொன்னேன்?"

"அது இதோ இருக்கு," என்று தன் கழுத்தில் தொங்கிய டேப்பை நீவிவிட்டாள் மனைவி. "இதுல அளந்து குடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் தையற்காரம்மா திரும்பி வந்தாங்க. அது கெட்டுடக் கூடாதுன்னுதான், உங்க டேப்பையும் உங்களையும் சேர்த்து வீட்டுலயே வச்சிருந்தேன்."