கருந்தேளுக்கு ஒரு சோதனை

"ஒட்டடைக் குச்சிக்கு ஓட்டுப் போட்டால் வார்டில் ஒட்டடைதான் மிஞ்சும்."

மதியச் சாப்பாட்டின் நடுவே சித்தப்பா போனைப் பார்த்து, செய்தி வாசிப்பவர் போல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். சித்தி ஒல்லி. யாரைச் சொல்கிறது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

"முந்தாநாள் ஓட்டைவாய். இன்னைக்கு ஒட்டடைக் குச்சி. போதும்," என்றாள் சித்தி. "நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல புகார் குடுக்கப் போறேன். அந்தப் பல்புக்கடைக்காரன் மேல."

எதிரே உட்கார்ந்திருந்த அக்கா மகள், பிசைந்த சோற்றை அப்படியே விட்டு நிமிர்ந்தாள்.

பல்புக்கடைக்காரர் வார்டு தேர்தலில் சித்தியை எதிர்த்து நிற்பவர். அக்கா மகளுக்கு அது பிரச்சினையில்லை. அவருடைய மகனைத்தான் அவள் கட்டிக்கொள்வதாக இருந்தாள். "தேர்தல் வேற, சம்பந்தம் வேற" என்று சித்தியே பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தாள், கருந்தேள் வரும்வரை.

கருந்தேள், வார்டின் ஃபேஸ்புக் குழுவில் முகம் காட்டாமல் சித்தியைத் திட்டித் தீர்க்கும் ஆசாமி. சித்தியின் பிரசார வாசகமோ 'நாக்கிலும் வேண்டும் நாகரிகம்'. ஆரம்பத்தில் அவள் கூட்டங்களுக்கு நாற்காலிகள் மட்டும்தான் வந்தன. இப்போது கருந்தேள் கொட்டியதையெல்லாம் அவள் மேடையில் கண்கலங்க வாசிக்க, பக்கத்துத் தெருக்காரர்கள்கூட வந்து நின்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

"அவர்தான்னு எப்படிச் சொல்றீங்க சித்தி? தையல்காரரா இருக்கலாமே. அவர் வாயும் சும்மா இருக்காது."

"ஏன், நானாக்கூட இருக்கலாம்," என்றார் சித்தப்பா, போனிலிருந்து தலையெடுக்காமல். பொழுதுக்கும் போனும் கையுமாக இருக்கும் மனிதர் அப்படிச் சொன்னது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"புகார்ல பேர் வந்துட்டா அப்புறம் அந்தக் குடும்பத்தோட நமக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல," என்று சித்தி முடித்துவிட்டாள்.

பால் பண்ணையின் ஆய்வகத்தில் அக்கா மகளுக்கு வேலை. பாலில் மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொருவர் பாலையும் காய்ச்சி ஆற்றி, தனித்தனிக் குழாயில் ஊற்றி, அயோடின் சொட்டு விடுவாள். நீலமானால் ஆள் மாட்டிக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க, கடைசிக் குழாயில் வெறும் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு சொட்டு. அது நீலமாகக் கூடாது; ஆனதும் இல்லை. ஆனாலும் அதை வைக்காமல் விட்டால் சோதனை செய்த மாதிரியே அவளுக்கு இருக்காது.

சித்தியின் சுவரொட்டியை அச்சகத்தில் பார்த்துச் சரி சொல்லும் பொறுப்பும் அவளுடையதுதான். அன்று பிற்பகல் போய்ப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. வெளியே வந்து குறை சொல்லத் தொடங்கினாள்.

முதலில் பல்புக்கடை.

"மாமா, சித்தி போஸ்டர்ல ஒரு காதைக் காணோம். அச்சுல விட்டுப்போச்சு. நாலஞ்சு வெளியவும் போயிடுச்சாம்."

"அடப்பாவமே. அப்ப அந்தக் கம்மல் எங்கேம்மா தொங்குது?" என்று கேட்ட பல்புக்கடைக்காரர், கையோடு போனையும் எடுத்தார்.

தையல்காரரிடம், போஸ்டரில் சித்திக்கு ஆறு விரல் என்றாள். அவர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தன் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் சித்தப்பாவைப் பிடித்து, நிழல் விழுந்து சித்திக்கு மீசை முளைத்த மாதிரி இருப்பதாகச் சொன்னாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த கையோடு போனைத் தேடினார்.

கடைசியாக, அடுப்படியில் நின்ற சித்தியையும் அவள் விடவில்லை.

"சித்தி, போஸ்டர்ல உங்க பல்லெல்லாம் நீலமா விழுந்திருந்தது. சரி பண்ணச் சொல்லிட்டேன். ஆனா நாலஞ்சு வெளிய போயிடுச்சாம்."

"ஐயையோ. அது கருந்தேள் கண்ணுல பட்டா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவானே," என்று சித்தி நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டாள்.

மறுநாள் காலை. கஞ்சி போட்ட பருத்திச் சேலை மொடமொடக்க, சித்தி வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தாள். சித்தப்பாவின் போன் கிணுகிணுத்தது.

"வந்துடுச்சு," என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'நீலப் பல் அழகியே, மையைக் குடித்துவிட்டா மைக்கைப் பிடிக்கிறாய்?'"

"கேட்டியா, உன் வருங்கால மாமனாரோட லட்சணத்தை? நடுத்தெருவுல மானம் போகுது," என்றாள் சித்தி. குரல் மேடையில் தழுதழுப்பது போலவே தழுதழுத்தது. "கிளம்பு ஸ்டேஷனுக்கு."

நேற்று மதியத்திலிருந்து இறுகிக் கிடந்த அக்கா மகளின் முகம் மெல்ல மலர்ந்தது.

"மாமாகிட்ட நான் சொன்னது காது, சித்தி. தையல்காரர்கிட்ட சொன்னது விரல். சித்தப்பாகிட்ட மீசை. எல்லாமே நானா கட்டிவிட்டது."

"அப்ப மீசை நிஜமில்லையா?" என்றார் சித்தப்பா ஏமாற்றத்தோடு. பிறகு நெற்றியைச் சுருக்கினார். "சரி, பல்லை யார்கிட்ட சொன்னே?"

சித்தி வாயை இறுக மூடிக்கொண்டு, மாட்டிய செருப்பை நிதானமாகக் கழற்றினாள்.

கடைசிக் குழாயில் இருந்த வெறும் தண்ணீர், பளிச்சென்று நீலமாகியிருந்தது.