லாசரின் இருமல்

பிணம் மறுபடியும் இருமியது.

ஒத்திகை நின்றது. பாஸ்கா நாடகத்தில், இயேசு உயிர்ப்பிக்கும் லாசராகக் கல்லறைக்குள் படுத்திருந்த அருள்சாமி, முகத்துணியை விலக்கி எல்லாரையும் பரிதாபமாகப் பார்த்தார். அப்பா காலத்திலிருந்து அவர் வீட்டுக்கே உரிய வேஷம் அது. சாயங்காலம் நாடகத்திலும் இருமினால், அடுத்த வருஷம் அது, வெகு நாளாகக் காத்திருக்கும் பக்கத்துத் தெரு சார்லஸுக்குப் போய்விடும்.

மனைவி ஞானமணி ஆடாதொடைக் கஷாயத்தையும் இருமல் சிரப்பையும் கொண்டுவந்திருந்தாள். தனித்தனியாகக் குடித்தும் இருமல் கேட்கவில்லை. சேர்த்துக் குடிக்கலாமா என்றால் மருந்துக் கடைப் பெண்ணுக்குத் தெரியவில்லை. டாக்டரைக் கேட்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் ஊரில் இல்லை.

இயேசு வேஷம் கட்டும் ஆண்ட்ரூஸ் அருகே வந்தார். வேஷத்துக்காக நோன்பு தொடங்கிய நாள் முதல் ஊரே அவரை ஆண்டவரே என்றுதான் கூப்பிட்டது. அவரும் மறுக்கவில்லை.

"இங்கிட்டுக் கொண்டாங்க. மொதல்ல நான் குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா லாசரு குடிக்கட்டும்."

"வெறும் வயித்துல வேணாங்க, ஆண்டவரே. தூக்கம் தள்ளும்" என்றாள் ஞானமணி.

"ஒங்களுக்காகச் சிலுவையே சுமக்கப் போறேன். இதென்ன பெரிசு?"

இரண்டையும் ஒரே டம்ளரில் கலந்து குடித்து, ஒட்டுத்தாடியைத் துடைத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பொறுப்போம் என்று ஞானமணி அருள்சாமிக்கான டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். அதற்குள் நாடகம் தொடங்க மணி அடித்துவிட்டது.

அருள்சாமி கடைவாயில் மிளகை அடக்கிக்கொண்டு கல்லறைக்குள் கிடந்தார். வெளியே ஆண்ட்ரூஸ் மண்டியிட்டு, கண்மூடி, ஜெபிக்கத் தொடங்கினார். ஜெபம் முடிந்ததும் "லாசரே, வெளியே வா" என்று கூப்பிட வேண்டும்.

ஜெபம் நீண்டது. இதுவரை எந்த வருஷமும் இல்லாத உருக்கம். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூட்டம் மூச்சு விடவில்லை.

அருள்சாமிக்குத் தொண்டை அரித்தது. அடக்கினார். மறுபடியும் அடக்கினார். கடைசியில், ஒரு குறிப்புக் கொடுப்போமே என்று வேண்டுமென்றே இருமினார்.

வெளியே அசைவில்லை.

செத்தவர் தானாகவே எழுந்து வந்தார். கூட்டம் கைதட்டியது. அவர் ஆண்ட்ரூஸின் தோளைப் பிடித்து மெதுவாக உலுக்கினார். மைக் பக்கத்தில் இருந்ததால், அவர் காதோடு சொன்னது ஊருக்கே கேட்டது.

"ஆண்டவரே, எந்திரிங்க."